கேட்ச் கேன் மாட்டலாமா, வேண்டாமா?

அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் வீடு, நகரத்தின் அபெர்டீன் பஜார் பக்கம் வேலை என்று வைத்துக்கொள்வோம். காலையில் காரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் பயணம் முடிந்துவிடும். மாலையில் அதே தூரம் திரும்பி வர வேண்டும். ஓடோமீட்டர் மெதுவாகத்தான் ஏறும். ஐந்து வருடம் ஆன பிறகும் 'கம்மியா ஓடின வண்டி' என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கலாம். ஆனால் இன்ஜின் போடும் கணக்கு வேறு. ஒரே ஓட்டமாக நூறு கிலோமீட்டர் போவது அதற்குச் சுலபமான வேலை. அதே நூறைப் பத்துத் துண்டாக்கி, ஒவ்வொரு முறையும் ஆறிப்போன நிலையிலிருந்து கிளப்பி ஓட்டினால் அதுதான் கஷ்டம்.

கஷ்டத்துக்குக் காரணம் இன்ஜினுக்குள்ளேயே பிறக்கும் ஈரமும், அதோடு சேர்ந்து அலையும் ஆயில் துளிகளும். இந்தக் கலவையை வழியிலேயே மடக்கிப் பிடிக்க இப்போது ஒரு சின்ன டப்பா விற்கிறார்கள். அலுமினியத்தில் செய்தது, கையில் அடங்கும் அளவு, மேலே இரண்டு ஹோஸ் மாட்ட இரண்டு மூக்கு. பெயர் ஆயில் கேட்ச் கேன். சில நூறு ரூபாயிலும் கிடைக்கிறது, பல ஆயிரத்திலும் கிடைக்கிறது. பானெட்டைத் திறந்தால் பளபளவென்று தெரியும் என்பதற்காகவே வாங்குகிறவர்களும் உண்டு. அது எதற்கு, யாருக்கு வேண்டும், மாட்டினால் எப்படி மாட்டுவது என்று பார்ப்போம்.

சிலிண்டருக்குள் எரிபொருள் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும்போது, முழு பலத்தில் இழுக்கும் இன்ஜினில் உள்ளே உண்டாகும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல ஐம்பது மடங்கைத் தாண்டும். அதை அடைத்து நிறுத்துபவை பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய ரிங்குகள்தான். ரிங் முழு வட்டம் அல்ல. மாட்டுவதற்கும் சூட்டில் விரிவதற்கும் ஓரிடத்தில் சிறு இடைவெளி விட்டே செய்கிறார்கள். அந்த இடைவெளி வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் ஒவ்வொரு எரிப்பிலும் கொஞ்சம் வாயு கீழே, கிராங்க்கேஸுக்குள் நழுவுகிறது. நம் மெக்கானிக்குகள் இதை 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். பழைய வண்டியின் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். புது வண்டியிலும் இது உண்டு, அளவுதான் வேறு. 1.2 லிட்டர் இன்ஜின் ஒன்று 2,000 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 1,200 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு நழுவினாலே நிமிடத்துக்கு 12 லிட்டர் வாயு கிராங்க்கேஸில் வந்து சேர்கிறது.

அதை அங்கேயே அடைத்து வைக்க முடியாது. அழுத்தம் ஏறினால் ஆயில் சீல்கள் கசியும். டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பும். ஆகவே எந்த இன்ஜினுக்கும் மூச்சுவிட ஒரு வழி வைத்தாக வேண்டும்.

பல காலம் அந்த வழி வெறும் ஒரு குழாய். இன்ஜினிலிருந்து கீழ்நோக்கி இறங்கி, வண்டிக்கு அடியில் திறந்த வாயோடு நிற்கும். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று குழாயிலிருந்து வாயுவை உறிஞ்சி எடுக்கும். பழைய லாரி, பஸ்களின் டீசல் இன்ஜினில் இந்த ப்ரீதர் குழாயைப் பார்த்திருப்பீர்கள். வண்டி நின்ற இடத்தில் கறுப்புச் சொட்டு விழுந்து கிடக்கும். வண்டி நகராவிட்டால் உறிஞ்சலும் இல்லை என்பது இந்த ஏற்பாட்டின் குறை. இரண்டாம் உலகப் போரில் ஆற்றைக் கடக்க வேண்டிய ராணுவ வாகனங்களுக்கு இன்னொரு சங்கடம் வந்தது. திறந்த குழாய் வழியே தண்ணீர் இன்ஜினுக்குள் ஏறிவிடும். அதனால் குழாயின் வாயை வெளியே விடாமல், காற்று உள்ளே போகும் பாதையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்து மூடிய சுற்றாக்கினார்கள்.

சாதாரணக் கார்களுக்கு இது வர லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டம் காரணமானது. எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வினைபுரிந்துதான் கண்ணை எரிக்கும் அந்த மூட்டம் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் கால்டெக் வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மித் நிறுவினார். காரிலிருந்து வெளியாகும் ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியாக வருவதில்லை, இந்த மூச்சுக்குழாய் வழியாகத்தான் வருகிறது என்பதும் தெரியவந்தது. கலிஃபோர்னியாவில் விற்ற கார்களில் 1961 மாடலிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் 1963 மாடலிலிருந்தும் பிசிவி வால்வு என்ற சின்ன உறுப்பு இடம்பிடித்தது. கார்களின் புகையைக் கட்டுப்படுத்த வந்த முதல் சாதனம் இதுதான். வினையூக்கி மாற்றி வர அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

பிசிவி வால்வின் வேலை எளிமையானது. இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம்; அப்போது வால்வு கொஞ்சமாகத் திறந்து, கொஞ்சமாக வாயுவை விடும். சீரான வேகத்தில் ஓடும்போது நன்றாகத் திறக்கும். டர்போ இன்ஜினில் மேனிஃபோல்டு அழுத்தம் ஏறினால் இறுக மூடிக்கொள்ளும். அப்போது வாயு இன்னொரு ஹோஸ் வழியாக டர்போவின் முகப்புக்குப் போகும். எப்படிப் போனாலும் முடிவு ஒன்றுதான். கிராங்க்கேஸ் வாயு மறுபடி சிலிண்டருக்குள் போய் எரிந்துவிடும். ஊர்க் காற்றுக்கு இது நல்லது.

ஆனால் அந்த வாயு தனியாகப் போவதில்லை. கிராங்க் சுழலும் வேகத்தில் சிதறும் ஆயில், பனிபோலப் பொடிந்து அதோடு மிதந்து போகிறது. டேப்பெட் கவருக்குள் வளைவு நெளிவான தடுப்புகள் வைத்து, பெரிய துளிகளை அங்கேயே வடித்துக் கீழே அனுப்பக் கம்பெனிக்காரர்களே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தப்பிப் போவது மைக்ரான் அளவுத் துளிகள். அவைதான் இன்டேக் குழாயின் உட்சுவரிலும், டர்போ வண்டியானால் இன்டர்கூலரிலும் படலமாகப் படிகின்றன.

படிந்தால் என்ன கெட்டுவிடும்? இங்கேதான் வண்டிக்கு வண்டி வித்தியாசம்.

மாருதி வேகன்ஆர், டாடா டியாகோ போன்ற சாதாரணப் பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டர் பெட்ரோலை இன்டேக் வால்வின் பின்புறத்தை நோக்கிப் பீய்ச்சுகிறது. பெட்ரோலில் அழுக்கைக் கரைக்கும் மருந்தும் கலந்திருப்பதால் வால்வு தானாகவே கழுவப்படுகிறது. ஆயில் படலம் வந்தாலும் நிற்காது. இத்தகைய கார், ரிங் நன்றாக இருக்கும்வரை, கேட்ச் கேன் இல்லாமலே ஆயுளைக் கழித்துவிடும்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைச் செலுத்தும் ஜிடிஐ இன்ஜின்களில் அந்தக் குளியல் கிடையாது. ஹூண்டாய் வென்யூவின் 1.0 டர்போ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, மஹிந்திரா தாரின் 2.0 பெட்ரோல், மாருதி ஃப்ராங்ஸின் பூஸ்டர்ஜெட் எல்லாம் இந்த வகை. சூடான வால்வின் முதுகில் ஆயில் படிந்து, காய்ந்து, கரியாகி, அடுக்கடுக்காக ஏறும். பல ஆயிரம் கிலோமீட்டரில் காற்றுப் பாதை குறுகி, ஐடில் தடுமாறி, இழுவை குறையும். முற்றினால் மேனிஃபோல்டைக் கழற்றி, அக்ரூட் ஓட்டுப் பொடியைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். டொயோட்டாவின் டி-4எஸ் இன்ஜின்களில் நேரடி இன்ஜெக்டர் ஒன்று, வால்வுக்குப் பின்னாலிருந்து பீய்ச்ச இன்னொன்று என்று சிலிண்டருக்கு இரண்டு உண்டு; அதனால் அங்கே வால்வும் கழுவப்படுகிறது.

டீசலில் கதை இன்னும் மோசம். புகையின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே விடும் ஈஜிஆர் என்ற ஏற்பாட்டால் கரித்தூள் இன்டேக்குக்கு வருகிறது. ஆயில் படலம் அதைப் பிடித்து ஒட்டவைக்கிறது. இரண்டும் சேர்ந்து தார் மாதிரிக் கெட்டியாகும். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, பழைய டீசல் டிசையர் ஆகியவற்றின் மேனிஃபோல்டைக் கழற்றிய மெக்கானிக்கைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். ஆஸ்திரேலியாவின் டீசல் ஜீப்புக்காரர்களிடம் மான் ஹம்மல் கம்பெனியின் புரோவென்ட் என்ற வடிகட்டி பிரபலமானதற்கும் இதே காரணம்.

ஆக, கராச்சர்மாவில் சாதாரண இன்ஜெக்டர் பெட்ரோல் கார் வைத்திருப்பவர் இந்தப் பணத்தை நல்ல டயருக்கோ, நேரத்துக்கு ஆயில் மாற்றுவதற்கோ செலவழிக்கட்டும். ஜிடிஐ டர்போவோ, ஈஜிஆர் உள்ள டீசலோ வைத்திருந்து, அதை நீண்ட காலம் ஓட்டப் போகிறவர் மட்டும் மேலே படிக்கலாம். கார் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

அதற்கு முன் ஒரு சோதனை. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, துளையின் மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். பிசிவி நன்றாக இருக்கும் பெட்ரோல் இன்ஜினில் காகிதம் லேசாக உள்ளே இழுபடும். டீசலில் மெல்லிய மூச்சு வரலாம். புகையோடு குபுகுபுவென்று அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு உள்ளே இழுத்து, விசில் மாதிரிச் சத்தம் வந்தால் பிசிவியின் ரப்பர் கிழிந்திருக்கிறது. இரண்டுக்கும் கேட்ச் கேன் மருந்தாகாது. ரிங் போன வண்டிக்குக் கேன் மாட்டுவது நோயை மறைக்கத்தான் உதவும். வாரம் ஒருமுறை கேன் நிரம்புகிறதே என்று மகிழ ஒன்றுமில்லை. இன்ஜினைப் பிரிக்கும் நாள் நெருங்குகிறது.

தீவுக்கணக்கு

அந்தமானில் காற்று ஈரமானது. போர்ட் பிளேருக்கு, 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊருக்கு, வருடத்தில் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னை பெறுவதைப்போல இரண்டு மடங்கு. 'அதனால்தான் இங்கே இன்ஜினில் தண்ணீர் சேர்கிறது' என்று சொல்வது சுலபம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிகூடச் சரியில்லை.

பெட்ரோல் என்பது ஹைட்ரஜனும் கார்பனும். ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுக்க எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அதே ஒரு லிட்டர் எரிய ஒன்பது கன மீட்டருக்குச் சற்று மேல் காற்று வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். மொத்தம் இருநூற்றுச் சொச்சம் கிராம். ஆக கடற்காற்று கொண்டுவருவது, எரிப்பில் பிறப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ராஜஸ்தானில் ஓடும் காருக்கும் மீதித் தண்ணீர் உண்டு.

வித்தியாசம் பயண தூரத்தில் இருக்கிறது. எரிந்த வாயுவில் உள்ள நீராவி ஏறத்தாழ 50 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பரப்பைத் தொட்டால் தண்ணீராக வடியத் தொடங்கும். இட்லிப் பானையின் மூடியில் நீர் கோத்துக்கொள்வது போலத்தான். டாஷ்போர்டில் வெப்பமானி நடுவுக்கு வந்தவுடன் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். டேப்பெட் கவரும் ப்ரீதர் ஹோஸும் அதற்கும் பின்னால். ஆயில் நன்றாகச் சூடாகிச் சில நிமிடம் நின்றால்தான் சேர்ந்த தண்ணீரும், அதில் கலந்த பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். கராச்சர்மாவிலிருந்து நகரத்துக்குப் போகும் கார் அந்தக் கட்டத்தை எட்டும் நேரத்தில் பார்க்கிங் தேடிக்கொண்டிருக்கும். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த மாதிரி வெள்ளைக் கொழகொழப்பு ஒட்டியிருப்பது இதனால்தான். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று யாராவது பயமுறுத்தினால், முதலில் ரேடியேட்டர் தண்ணீர் அளவு குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லையென்றால் கவலை வேண்டாம்.

இப்போது கேட்ச் கேனை நினைத்துப் பாருங்கள். அது வேண்டுமென்றே குளிர்ச்சியாக வைக்கப்படும் ஒரு டப்பா. கேன் இல்லாவிட்டால் ஆவியாகவே போய் எரிந்து வெளியேறியிருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி, இனி கேனில் வடிந்து தங்கும். அதனால் குறுந்தூர வண்டியில் கேனைத் திறந்தால் கறுப்பு ஆயில் இருக்காது. சாம்பல் நிறத்தில், பெட்ரோல் வாசத்தோடு, பால் மாதிரி ஒரு திரவம் இருக்கும். அதைப் பார்த்து 'இவ்வளவு அழுக்கைப் பிடித்திருக்கிறதே' என்று வியப்பவர்கள், பெரும்பகுதி தண்ணீர் என்பதைக் கவனிப்பதில்லை. கேன் விற்பவர்களின் விளம்பரப் படங்களில் காட்டப்படும் முழு டப்பாவிலும் இந்தச் சங்கதி உண்டு.

எதை வாங்குவது

கேட்ச் கேன் பந்தய உலகத்திலிருந்து வந்தது. சோழவரம் விமானத்தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்திலும் சரி, 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலும் சரி, ஓடுபாதையில் ஆயில் சிந்தினால் பின்னால் வருகிறவன் கதி என்ன என்பதுதான் பயம். சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் விதி, வெளியே திறக்கும் ப்ரீதர் உள்ள பந்தயக் காரில் 2,000 சிசி வரை குறைந்தது 2 லிட்டரும், அதற்கு மேல் 3 லிட்டரும் கொள்ளும் கேட்ச் டாங்க் வேண்டும் என்கிறது. உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரிய வேண்டும் என்றும் சொல்கிறது. அங்கே தேவை ஒரு கொள்கலன். வாயு வெளியே போனால் கவலையில்லை. தெருவில் ஓடும் காருக்குத் தேவை ஒரு வடிகட்டி. இந்த இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால்தான் குழப்பம்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல கேன்களின் தலையில் ஒரு குட்டி ஃபில்டர் உட்கார்ந்திருக்கும். அது வாயுவை வெளியே விடும் வகை. வேண்டாம். கிராங்க்கேஸ் வாயு வெளியே வரவே கூடாது என்பது பெட்ரோல் கார்களுக்கான பாரத் ஸ்டேஜ் சோதனைகளில் ஒன்று. சைலன்ஸரில் குழாய் விட்டுப் பார்க்கும் புகைச் சோதனையில் இது மாட்டாது என்பது உண்மைதான். அதற்காகத் தப்பு சரியாகிவிடாது. இன்னொரு சொந்த நஷ்டமும் உண்டு. பானெட்டுக்குள் விட்ட வாயு, ஏசி காற்று எடுக்கும் வழியாகக் காருக்குள் வரும். அதில் கார்பன் மோனாக்ஸைடும் இருக்கும். உள்ளே வரும் காற்றை அளந்து பெட்ரோல் விடும் இன்ஜினில், அளவில் சேராத காற்று நுழைந்து ஐடிலும் கெடும்.

அடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். வெறும் டப்பாவாக இருந்தால் வாயு ஒரு மூக்கில் நுழைந்து மறு மூக்கில் போய்விடும். கனமான துளி மட்டும் கீழே விழும். தடுப்புத் தகடு இருந்தால் வாயு திரும்ப வேண்டும். திரும்ப முடியாத துளி தகட்டில் மோதி ஒட்டும். ஆனால் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துளி மோதாமல் வாயுவோடு வளைந்து போய்விடும். அதைப் பிடிக்க நெருக்கமான ஸ்டெயின்லெஸ் வலையோ, நார்த் திண்டோ வேண்டும். அந்த நெரிசலில் சின்னத் துளிகள் அலைந்து, இழையில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி வடியும். நார்த் திண்டு உள்ள வகையே நன்றாகப் பிடிக்கும். ஆனால் அடைத்தும் போகும். அடைத்தால் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறும் என்பதால், நல்ல கம்பெனிகள் அழுத்தத்தை வழிவிடும் பாதுகாப்பு வால்வு ஒன்றையும் வைக்கின்றன. திண்டு வகை வாங்குவதானால் மாற்றுத் திண்டு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். சென்னையிலிருந்து கடல்வழி சுமார் 1,200 கிலோமீட்டர்; கப்பல் வர மூன்று நாள் போலாகும், அதுவும் கப்பல் இருக்கும் நாளில்தான். தீவில் இருப்பவருக்கு, கழுவி மறுபடி போடக்கூடிய ஸ்டெயின்லெஸ் வலை உள்ள கேன் கொஞ்சம் குறைவாகப் பிடித்தாலும் நடைமுறைக்கு உகந்தது என்பது என் கட்சி. பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நாரை உள்ளே திணிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஈரத்தில் துரு ஏறி, துணுக்குகள் உதிர்ந்து, அவை நேராக இன்ஜினுக்குள் போகும்.

பிடித்த ஆயிலைத் தானாகச் சம்ப்புக்கே திருப்பி அனுப்பும் வகையும் இருக்கிறது. நாள் முழுக்க ஓடும் டீசல் வண்டிக்கு, தொலைவிலுள்ள திக்லிபூர் வரை போய்வரும் டாக்ஸிக்கு, அது சௌகரியம். குறுந்தூரக் காருக்கு ஆகாது. தண்ணீரும் பெட்ரோலும் கலந்த அந்தப் பாலைத் திரும்ப ஆயிலிலேயே விடுவதற்கா இத்தனை செலவு?

கொள்ளளவு அரை லிட்டர் சுற்றி இருந்தால் போதும். அடியில் திருகுத் திறப்பு இருக்க வேண்டும், அளவு பார்க்க ஒரு குச்சியோ கண்ணாடிக் குழாயோ இருக்க வேண்டும். மூக்கின் துளை, காரில் ஏற்கெனவே உள்ள ப்ரீதர் ஹோஸின் துளையைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் வீண்.

எப்படி மாட்டுவது

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் இரண்டு ஹோஸ் இருக்கும். ஒன்று பிசிவி வால்விலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போவது. மற்றது ஏர் ஃபில்டர் பக்கமிருந்து டேப்பெட் கவருக்குப் புதுக் காற்றைக் கொண்டுவருவது. கேன் போக வேண்டியது முதல் ஹோஸின் நடுவே. பிசிவி வால்வு இன்ஜின் பக்கத்தில் அதன் இடத்திலேயே இருக்கட்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கேனை நேராக மாட்டுவது பெரும் பிழை. டர்போ பெட்ரோலில் பூஸ்ட் ஏறும்போது வாயு இரண்டாவது ஹோஸ் வழியாகப் போகும் என்று பார்த்தோம். ஆகவே அங்கும் ஒரு கேன் வேண்டும், அல்லது இரு வழிக்கும் சேர்த்துச் செய்த கேன் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டி நிம்மதியாக இருப்பவர்களின் இன்டர்கூலரில் ஆயில் அப்படியே சேர்ந்துகொண்டிருக்கும். டர்போ டீசலில் பொதுவாக ஒரே ஹோஸ், டேப்பெட் கவரிலிருந்து டர்போவின் வாய்க்கு. அதன் நடுவே மாட்டினால் வேலை முடிந்தது. கேனில் 'இன்', 'அவுட்' என்று எழுதியிருப்பதை மாற்றி மாட்டினால் வாயு போகும், ஆயில் பிடிபடாது.

எல்லாக் காரிலும் இப்படி வெளியே ஹோஸ் தெரியும் என்றும் சொல்ல முடியாது. இப்போதைய இன்ஜின்கள் சிலவற்றில் பிரிப்பானும் வால்வும் பாதையும் டேப்பெட் கவருக்குள்ளேயே வார்த்து மூடப்பட்டிருக்கின்றன. அவற்றில் கை வைக்காதிருப்பதே மேல்.

இடம் பார்க்கும்போது டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் தள்ளி, காற்றோட்டமான மூலையாகப் பாருங்கள். பேட்டரித் தாங்கி, ஸ்ட்ரட் கோபுரம் பக்கம் பொதுவாக வசதி கிடைக்கும். ஹோஸ் நடுவில் தொங்கி வயிறு போட்டால் அங்கே தண்ணீர் தேங்கி வழியை அடைக்கும். இன்ஜினிலிருந்து கேன் வரை ஒரே சரிவாக இருக்கட்டும். ரேடியேட்டர் ஹோஸ், தோட்டத்து ஹோஸ் எதுவும் ஆகாது. ஆயில் ஆவியில் அந்த ரப்பர் ஊறி இளகிவிடும். மேனிஃபோல்டு வெற்றிடத்தில் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வாயுவுக்கு வழியில்லை. பின்பக்க கிராங்க் சீல் கசியும். அந்தச் சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். நல்ல ஹோஸுக்குக் கொடுக்கும் பணத்தை அந்தக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆயிலும் பெட்ரோலும் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ், தடித்த சுவர் உள்ளதாக, கேட்டு வாங்குங்கள்.

கடலோரம் என்பதால் இன்னொன்று. அலுமினியக் கேனை இரும்புத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் முடுக்கினால், உப்பு ஈரத்தில் அந்தச் சந்திப்பு ஒரு மின்கலமாகவே மாறி அலுமினியத்தை அரிக்கும். நடுவே ரப்பர் வாஷரோ பிளாஸ்டிக் வாஷரோ வையுங்கள். அது அதிர்வுக்கும் நல்லது. மெல்லிய முலாம் பூசிய கிளாம்ப் இங்கே அதிக நாள் தாங்காது.

மாட்டி முடித்து இன்ஜினைக் கிளப்பியதும் ஐடில் முன்புபோல இருக்கிறதா, இணைப்புகளில் சீறும் சத்தம் உண்டா என்று பாருங்கள். ஆயில் மூடியில் காகிதச் சோதனையை மறுபடி செய்யுங்கள். முன்பு இழுத்த காகிதம் இப்போது இழுக்காவிட்டால் எங்கோ அடைப்போ கசிவோ இருக்கிறது.

முதல் 500 கிலோமீட்டரில் கேனைத் திறந்து பார்த்து, சேரும் வேகத்தை வைத்து அடுத்த முறையைத் தீர்மானியுங்கள். மே மாதம் தொடங்கி வருடக் கடைசிவரை மழை இருக்கும் ஊரில், தினமும் சிறு தூரம் மட்டும் ஓடும் வண்டிக்கு மாதம் ஒருமுறை திறப்பதே பாதுகாப்பு. இன்ஜின் ஆறிய பிறகு திறக்க வேண்டும். நிரம்பிய கேன் ஆபத்தானது. அதில் உள்ளதை இன்ஜின் ஒரே மூச்சில் உறிஞ்சினால் டீசல் வண்டி அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எகிறக்கூடும். கேன் மாட்டியவர் தனக்கு ஒரு புதிய வேலையை ஏற்றுக்கொள்கிறார். அதைச் செய்ய மனமில்லாதவர் மாட்டாமலே இருக்கலாம்.

கேனைவிட மலிவான வைத்தியங்களும் உண்டு. ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கு மேலே ஊற்றாதீர்கள். அதிகமானால் கிராங்க் அதைக் கடைந்து பனியாக்கும். எளிதில் ஆவியாகாத நல்ல சிந்தெடிக் ஆயில், கம்பெனி சொன்ன கிரேடில். ஆவியாவதை அளக்க நோவாக் என்ற சோதனை இருக்கிறது. ஐரோப்பிய ஏ3/பி4 தரத்தில் இழப்பு 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆயில் மாற்றுவதில் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதத்தைப் பாருங்கள். கையேட்டில் 'கடுமையான உபயோகம்' என்ற தலைப்பில் குறுந்தூர ஓட்டமும் இருக்கும். வாரத்தில் ஒருநாள் வண்டூருக்கோ சிடியாத்தாப்புக்கோ நிற்காமல் போய்வாருங்கள். ஆயில் முழுக்கச் சூடாகி, சேர்ந்த ஈரமெல்லாம் போய்விடும். குடும்பத்துக்கும் கடற்கரை பார்த்த மாதிரி ஆகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேனிலிருந்து வடித்ததை ஆயில் என்று நினைத்துத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள். வீட்டு முன் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள்; பழைய ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. இங்கே எந்த வாய்க்காலும் கொஞ்ச தூரத்தில் அலையாத்திக் காட்டுக்கோ கடலுக்கோ போய்ச் சேர்ந்துவிடும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வைத்து, அடுத்த முறை ஆயில் மாற்றப் போகும்போது பழைய ஆயிலோடு ஒர்க்ஷாப்பில் ஒப்படையுங்கள்.